மலையைக் கேட்டுக் கட்டுவோம்

(புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட இருக்கும் குடும்பங்களின் கூட்டத்தில், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கால் வலியோடு வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் சுத்தி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இந்தப் பிரிவில் இரண்டு கட்டிட வேலைகள் வரப்போகின்றன. ஒன்று, குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு. மற்றது, ஆபிசும் பிள்ளைக்காம்பராவும் சேர்ந்த ஒரு பொதுக் கட்டிடம். இரண்டுமே சமதரையில் வரப்போவதில்லை. சவுக்கு மரமும் யூக்கலிப்டசும் நிற்கிற அந்தச் சரிவில்தான் வரப்போகின்றன. மரமுள்ள சரிவில் கட்டிடம் எப்படிக் கட்ட வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

"அது எஞ்சினியர் ஐயாவோட வேலை, பாஸ்மாரோட வேலை. எங்களுக்கு அதில என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று யோசிச்சுப் பாருங்க. மலையில் கான் வெட்டத் தெரியாத ஆம்பிளை இந்தப் பிரிவில் உண்டா? கானை ஏன் மேலேயிருந்து கீழே நேராக வெட்டுவதில்லை? நேராக வெட்டினால் தண்ணி ஓட்டம் பிடித்து, மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால்தான் மலைக்குக் குறுக்கே, லேசான சரிவு வைத்து வெட்டுகிறோம். இது உங்கள் பாட்டன்மார் காலத்திலிருந்து கைக்குத் தெரிந்த பாடம். தேயிலைக்குக் காட்டும் அந்தக் கவனத்தை நாம் குடியிருக்கும் வீட்டுக்கும் காட்ட வேண்டும்.

கவனம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் மறக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்கடியில் போயின. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டு ஆட்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். போக வேறு இடம் இருக்கவில்லை. பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை மலைகள் இறங்கின என்பதை நாம் கண்ணால் கண்டோம். நாடு முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

மழை பெய்வதை நாம் நிறுத்த முடியாது. ஆனால் மலைக்கு மனுஷன் செய்யும் கெடுதல் மூன்று உண்டு. அவற்றை நிறுத்தலாம்.

முதலாவது, மலையின் காலை வெட்டுவது. சரிவின் அடியில் உள்ள மண்தான் மேல் மண்ணைத் தாங்கி நிற்கிறது. வீட்டுக்கு இடம் பெரிசாக வேணும் என்று பெக்கோவைக் கொண்டுவந்து நேராகச் செங்குத்தாக வெட்டினால், தாங்கிய கால் போய்விடுகிறது.

இரண்டாவது, மலையின் தலையில் சுமை ஏத்துவது. வெட்டிய மண்ணைச் சரிவின் விளிம்பில் கொட்டிச் சமப்படுத்தி, அதன் மேலேயே சுவர் வைக்கிறோம். கொட்டிய மண் பழைய மண்ணோடு ஒட்டுவதில்லை. பாதி வீடு வெட்டிய தரையிலும் பாதி வீடு கொட்டிய தரையிலும் நின்றால், கொட்டிய பக்கம் கீழே அமுங்கும். நடுச்சுவர் வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, மலையின் வயிற்றில் தண்ணியை விடுவது. மண்ணுக்குள் தண்ணி நிறைந்தால் மண் பாரமாகும். மண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியும் தளரும். கூரைத் தண்ணி, குளிக்கும் தண்ணி, கக்கூஸ் குழித் தண்ணி எல்லாம் ஒரே இடத்தில் இறங்கினால் மழை இல்லாத நாளிலும் மலைக்கு மழைதான்.

கால், தலை, வயிறு. இந்த மூன்றையும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்க.

சரி, மரத்தை அழிக்காமல், மலையை வெட்டிக் கிழிக்காமல் ஆபிஸ் கட்ட முடியுமா? காசு கூடப் போகாதா? முடியும், காசும் கூடாது என்று காட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம்.

அவர் பெயர் லாரி பேக்கர். 1917 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து இமயமலைப் பக்கம் பித்தோராகர் என்ற இடத்தில், டாக்டரான மனைவி எலிசபெத்தோடு பல வருஷம் வாழ்ந்தார். அங்கே மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்து வீடு கட்டுவதைப் பார்த்து, தான் படித்த படிப்பைவிட இதில் அதிகம் இருக்கிறது என்று கண்டார். காந்தி அடிகளைச் சந்தித்தபோது, வீட்டுக்கு வேண்டிய பொருட்கள் ஐந்து மைல் சுற்றுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று அடிகள் சொன்னதை அவர் கடைசி வரை மறக்கவில்லை. 1963 இல் கேரளத்துக்கு வந்து, முதலில் வாகமண் மலையில் இருந்தார். பிறகு திருவனந்தபுரத்தில் தங்கினார். 2007 இல் காலமானார்.

1971 இல் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம் என்ற நிறுவனத்துக்குக் கட்டிடம் கட்டும் வேலை அவரிடம் வந்தது. ஆபிஸ் அறைகள், நூலகம், வகுப்பறை, தங்கும் விடுதி எல்லாம் வேண்டும். கிடைத்த இடம் மரம் நிறைந்த ஒரு குன்று, சுமார் பத்து ஏக்கர். வேறொருவர் என்றால் முதலில் மெஷினை ஏற்றி மலையைச் சமப்படுத்தியிருப்பார். பேக்கர் அப்படிச் செய்யவில்லை. குன்று எப்படி வளைகிறதோ, கட்டிடத்தையும் அப்படியே வளைத்தார். நிலம் இறங்கும் இடத்தில் தரையும் படியாக இறங்கியது. மரம் நின்ற இடத்தில் சுவர் ஒதுங்கிக்கொண்டது. ஒரே பெரிய கட்டிடமாகப் போடாமல், சின்னச் சின்னதாக மரங்களுக்கிடையே பரப்பி வைத்தார்.

காசு எங்கே மிச்சமானது என்று கேளுங்க. மண் வெட்டும் வேலை குறைந்தது, அது ஒரு மிச்சம். உள்ளூர் செங்கல்லில் கட்டி, மேலே சாந்து பூசாமல் விட்டார், அது இன்னொரு மிச்சம். பல இடங்களில் கண்ணாடி ஜன்னலுக்குப் பதிலாக, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடை மாதிரிச் சுவர் வைத்தார். வெளிச்சமும் காத்தும் அதன் வழியாக வந்தன. கொங்கிரீட் தட்டில், பாரம் தாங்கத் தேவையில்லாத இடங்களில் ஓடுகளை வைத்து நிரப்புவது அவருடைய வழக்கம். சீமெந்து குறையும். வளைந்த சுவர் நேர்ச்சுவரைவிட உறுதியாக நிற்கும் என்பதால் மெல்லிய சுவரே போதுமாக இருந்தது. இப்படி அந்த இடம் முழுவதும் குறைந்த செலவில் எழும்பியது. இன்றும் அந்த நிறுவனம் அதே கட்டிடங்களில் நடக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு நாமும் இங்கே சல்லடைச் சுவர் வைத்தால் என்ன ஆகும்? மார்கழிக் குளிரில் பிள்ளைக்காம்பராப் பிள்ளைகள் நடுங்கிப் போகும்! திருவனந்தபுரம் புழுக்கமான ஊர், அங்கே காத்து வேணும். நம்முடைய ஊரில் வெயில் வேணும். அவருடைய சுவரை நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இடத்தைப் பார்த்து, அந்த இடத்துக்கு ஏத்த மாதிரிக் கட்டும் பழக்கத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

"அது இந்தியாவில ஐயா, இங்க யார் அப்படிச் செஞ்சது?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நம்முடைய கண்டியிலேயே ஒரு அம்மா செய்திருக்கிறார். மினட் டி சில்வா, 1918 இல் கண்டியில் பிறந்தவர். 1948 இல் பிரித்தானிய கட்டிடக் கலைஞர் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் ஆசியப் பெண் இவர். இவருடைய தாயார் எக்னஸ் டி சில்வா பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேணுமா என்று அவரிடம் கேட்டார்கள். கட்டாயம் வேணும், அவர்களும் பெண்கள்தான் என்று பதில் சொன்னவர் அந்தத் தாயார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த மகள் இவர்.

1950 களில் கண்டி வட்டப்புளுவையில் அரசாங்க ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் ஒன்று அமைக்கும் பொறுப்பு மினட் அம்மாவிடம் வந்தது. இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள், அதுவும் மலைச்சரிவில். அவர் பேனாவை எடுத்துப் படம் வரைவதற்கு முன், அங்கே குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். குடும்பத்தில் எத்தனை பேர், எப்படிச் சமைப்பீங்க, எவ்வளவு செலவு தாங்கும் என்று விசாரித்தார். கூட்டம் வைத்துப் பேசினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். கேட்டதை வைத்துப் பல மாதிரி வீடுகளை அமைத்தார். பாதைகளையும் வீடுகளையும் மலையின் போக்கில் வைத்தார், மரங்களையும் காப்பாற்றினார். 1958 அளவில் அந்த வீட்டுத்திட்டம் முடிந்தது.

பேக்கர் மலையைக் கேட்டுக் கட்டினார். மினட் அம்மா மலையோடு, குடியிருக்கப் போகும் மனுஷரையும் கேட்டுக் கட்டினார். இந்த இரண்டாவது விஷயம்தான் நமக்கு முக்கியம். நம்முடைய லயங்களைக் கட்டின காலத்தில் நம்மை யாரும் கேட்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா போதுமா என்று கேட்கவில்லை. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினால் புகை எங்கே போகும் என்றும் கேட்கவில்லை. இப்போது நூற்றாண்டு கடந்து வீடு வருகிறது. இந்தத் தடவையும் பேசாமல் இருந்தால், பிறகு வருத்தப்பட்டுப் பிரயோசனம் இல்லை.

ஒரு பிரிவில் நடந்ததைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். ஒரு பொதுக் கட்டிடத்துக்கு இடம் பார்க்க வந்தார்கள். பாதை பக்கத்தில் இருப்பதால் வசதி என்று ஒரு சரிவைக் குறித்தார்கள். அங்கே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "அய்யா, அந்த எடத்துல கார்த்திக மாசம் ஊத்து கெளம்புமே" என்று சொன்னார். காய்ந்த மாசம், தரையெல்லாம் வறண்டு கிடந்தது. பாட்டியின் பேச்சை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மறு வருஷம் கார்த்திகை மழையில் கட்டிடத்தின் பின்தரை வழியாகத் தண்ணி வந்தது. சுவர் வெடித்தது. இன்று அது பூட்டிக் கிடக்கிறது. நாற்பது வருஷம் ஒரே மலையில் நடந்த கால் சொன்ன சேதி அது. எந்தக் கருவியும் அவ்வளவு காலம் அங்கே நின்று பார்த்ததில்லை.

ஆகவே உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்க. சொல்வதற்கு முன் நீங்களும் போய்ப் பாருங்க. நல்ல மழை பெய்யும் ஒரு நாள், படங்கைப் போட்டுக்கொண்டு உங்கள் 7 பேர்ச்சஸ் காணியில் போய் நில்லுங்க. தண்ணி எங்கேயிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து நாலு குச்சி நட்டு வையுங்க. தண்ணி போகும் பழைய வழியில் சுவர் வைக்காதீங்க. தண்ணி தன் வழியை மறக்காது.

வீட்டை எப்படித் திருப்பி வைப்பது? நீளப் பக்கம் மலைக்குக் குறுக்கே, கான் போகிற மாதிரி இருக்க வேணும். அப்போது வெட்டும் மண் குறையும். நீளப் பக்கத்தை மேலிருந்து கீழாக வைத்தால் ஒரு முனையில் ஆழமாக வெட்ட வேண்டிவரும், மறு முனையில் உயரமாகக் கட்ட வேண்டிவரும். சரிவு அதிகம் என்றால் முழுவதையும் ஒரே தரையாக்காமல், சமையலறையை இரண்டு படி மேலேயோ கீழேயோ வைக்கலாம். இரண்டு படி ஏறுவது நமக்கு ஒரு கஷ்டமா?

அடுத்தது மழையும் வெயிலும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் வைகாசி தொடங்கித் தென்மேற்கு மழை அடிக்கும். இராகலை, வலப்பனைப் பக்கம் மார்கழி, தை மாசத்து வடகீழ் மழைதான் பலம். உங்கள் மலையில் சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் ஜன்னலைச் சின்னதாக்கி, கூரையைக் கொஞ்சம் வெளியே இழுங்க. கிழக்குப் பக்கம் காலை வெயில் வர வழி விடுங்க. குளிர் மாசங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்குப் பக்கத்து ஜன்னலும் உதவும். விறகடுப்பு இருந்தால் புகைபோக்கி கட்டாயம் வேணும். பிள்ளைக்காம்பராவுக்கு வெயில் வரும் மூலையைக் கொடுத்துவிட்டு, ஆபிசை மற்றப் பக்கம் வைக்கச் சொல்லுங்க. பைல்களுக்குக் குளிராது!

நம்முடைய பழைய ஸ்டோரைப் பாருங்க. மேல் மாடியில் வரிசையாக எத்தனை ஜன்னல்! கொழுந்து வாடக் காத்து வேணும் என்று யோசித்து வைத்தவை அவை. கொழுந்துக்கு யோசித்த மாதிரி பிள்ளைகளுக்கும் யோசிக்கச் சொல்வதில் தப்பில்லை.

இனி கூரைத் தண்ணி. ஒரு சின்னக் கணக்கு. 550 சதுர அடி என்பது ஏறக்குறைய 51 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால், ஒரு வீட்டுக் கூரையில் மட்டும் ஐயாயிரம் லீட்டருக்கு மேல் தண்ணி. இருநூறு லீட்டர் பீப்பாயில் இருபத்தைந்து பீப்பாய்! இருபது வீடு என்றால் ஒரு இலட்சம் லீட்டர். பீலி இல்லாமல் விட்டால் இவ்வளவும் அத்திவாரத்து அடியில் இறங்கும், கீழ்வீட்டுக்காரரின் பின்சுவரை இடிக்கும். ஆகவே பீலி போட்டு, கொஞ்சத்தைப் பீப்பாயில் பிடித்து, மிச்சத்தைக் கல் கட்டிய கானில் விட வேணும். மேல்வீட்டுக் கானும் கீழ்வீட்டுக் கானும் ஒன்றாக இணைந்தால்தான் பலன். இது தனி ஆள் வேலை அல்ல, கூடிச் செய்யும் வேலை.

மண் தாங்கும் கல்லுக்கட்டு கட்டும்போது, தண்ணி வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா, பின்னால் கல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்க. ஓட்டை இல்லாத கட்டு தண்ணிப் பாரத்தில் ஒரு நாள் விழும். வெட்டிய மேட்டை வெறுமையாக விடாதீங்க, வெட்டிவேர் அல்லது மானாப் புல் நடுங்க.

மரம் பற்றி ஒரு வார்த்தை. கூரை மேல் விழக்கூடிய வயசான யூக்கலிப்டசை விட்டு வைக்கச் சொல்லவில்லை, அதை முறைப்படி வெட்டத்தான் வேணும். ஆனால் மேல்சரிவு மரங்களை விறகுக்காக மொத்தமாக வெட்டாதீங்க. வெட்டிய மரத்தின் வேர் உடனே விடாது. சில வருஷத்தில் அது மண்ணுக்குள் உக்கிப்போகும்போதுதான் பிடி விட்டுப்போகும். வெட்டினவர் மறந்திருப்பார், மலை மறந்திருக்காது.

கடைசியாக, சட்டப்படி கேட்க வேண்டியது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தொடங்கி மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வந்திருக்கிறது. நம்முடையது போன்ற மாவட்டங்களில் கட்டிட வேலைக்கு அந்த நிறுவனத்தின் அறிக்கை தேவை. "எங்கள் காணிக்கு அறிக்கை இருக்கிறதா? அதில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள்? தமிழில் வாசித்துக் காட்டுங்க" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சண்டை இல்லை, உரிமை. அறிக்கை வராத இடத்தில் அத்திவாரம் வெட்ட அவசரப்படாதீங்க. அறிக்கை கையில் கிடைக்கும் வரை நலன்புரி ஆபிசிலிருந்து நாங்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருப்போம். உங்கள் கையெழுத்தும் எங்களோடு சேர்ந்தால் அந்தக் கடிதத்துக்குப் பாரம் கூடும்.

புது வீட்டுக்குப் போகும் வரை பழைய லயத்தில்தான் இருக்கப் போகிறோம். ஆகவே இதையும் மனதில் வையுங்க. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேணும். 100 ஐத் தாண்டினால் புறப்படத் தயாராக இருக்க வேணும். 150 ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், இடத்தை விட்டு வெளியேற வேணும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம் அல்லது லைட் போஸ்ட், திடீரென்று இறுகிப்போன கதவு, இல்லாத இடத்தில் கிளம்பும் ஊத்து, தெளிந்த பீலித் தண்ணி கலங்கி வருவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழைக் கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் 117 க்கும் அறிவியுங்க. உடுப்பும் பாத்திரமும் பிறகு எடுக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, காணி குறித்த சரிவை எல்லோருமாக நடந்து பார்ப்போம். எஞ்சினியர் ஐயாவையும் பாஸையும் வரச் சொல்லியிருக்கிறோம். வயசான அம்மாமாரைக் கட்டாயம் கூட்டி வாங்க. ஊத்து எங்கே கிளம்பும், எந்த இடம் முன்னே ஒரு தடவை இறங்கியது, சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நாங்கள் கொப்பியில் எழுதி, படத்தில் குறித்து, எஞ்சினியர் ஐயாவின் கையில் கொடுப்போம். இந்தத் தடவை ஒரு பாட்டியின் பேச்சும் எழுதாமல் விடப்படாது.